வாயுவுக்கு ஒரு திருக்கை

என் வீட்டுக்காரர் அழகிரிசாமிக்கு உட்காரத் தெரியாது. பெயரைச் சொல்லிவிட்டேன், பரவாயில்லை. அவர் மட்டும் தெருக்கோடி வரைக்கும் கேட்க "ரங்கநாயகீ" என்று கத்தலாமாக்கும். கல்யாண மணையிலேயே புரோகிதர் அவர் கையைப் பிடித்து இழுத்து இழுத்து உட்கார வைத்தார். சோற்றுக்கு உட்கார்ந்தால் ரசத்துக்கு எழுந்துவிடுவார். பீளமேட்டில் எங்கள் பம்ப்செட் பட்டறைக்குக் காலையில் போனாரானால், உலை அணைகிற வரைக்கும் நின்றுகொண்டேதான் இருப்பார். அப்பேர்ப்பட்டவரை ஒரு வருஷம் வீட்டில் உட்கார வையுங்கள் என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் காரில் ஏறிப் போய்விட்டார். உட்கார வைக்க வேண்டியவள் நான் அல்லவா!

மலபார் நம்மை விட்டுக் கேரளாவோடு சேர்ந்ததற்கு மறு வருஷம் அது. பட்டறையில் வார்ப்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அச்சு மணலிலேயே சாய்ந்துவிட்டார். டாக்டர் என்னையும் என் கொழுந்தன் நரசிம்மலுவையும் தனியே கூப்பிட்டார். இதயத்தில் ஒரு பக்கம் செத்துப்போய்விட்டது, மறுபடியும் அந்த உலைச் சூட்டுக்கும் கூச்சலுக்கும் போனால் ஆள் கிடைக்க மாட்டார், ஒரு வருஷம் வீட்டோடு இருந்தால் இன்னும் பல வருஷம் இருப்பார் என்றார். கூடவே என் வாய்க்கு ஒரு பூட்டும் போட்டார்.

"அவர்கிட்ட மட்டும் சொல்லிறாதீங்கம்மா. பயமே ஆளக் கொன்னுபோடும்."

அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். நோய் யாருக்கோ அவரைத் தவிர ஊருக்கே தெரிந்திருக்கும். நரசிம்மலு தன் அண்ணனிடம் போய், "வாயுங்கண்ணா. நெஞ்சுல ஏறிப் பிடிச்சுக்கிச்சு, அவ்வளவுதானுங்க" என்றார். வாயு என்று வெளியே தெரிந்ததும் வருகிறவர் போகிறவர் எல்லாம் வைத்தியர் ஆனார்கள். பூண்டுப் பால், ஓமத் தண்ணீர், பெருங்காய உருண்டை. ஒவ்வொன்றையும் குடித்துவிட்டு ஏப்பம் விட்டுக் காட்டுவார். "பாரு, போயிருச்சு. பட்டறைக்குப் போயிட்டு வாரேன்" என்பார். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு, சண்டை மட்டும் தமிழ். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் தெலுங்கே கேட்கவில்லை.

தையல் மிஷினைப் பிரித்துப் போட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பிரித்தார். கிணற்று ராட்டினத்தைக் கழற்றி மாட்டினார், கழற்றி மாட்டினார். ஒருநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் ஆளைக் காணோம். டிரைவர் வேலன் காரை எடுத்துக்கொண்டு ஓடி, பஸ் நிற்கிற இடத்தில் பிடித்துக் கூட்டி வந்தான். வேர்த்து ஊற்றிக்கொண்டு வந்து நின்ற அந்த முகத்தை என் முந்தானையாலேயே துடைத்துவிட்டேன். அன்றிலிருந்து என்னாலும் உட்கார முடியவில்லை. அவர் எந்த அறையில் இருக்கிறார், என்ன செய்கிறார், கதவு கிறீச்சிட்டதா, இதே யோசனைதான். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, நான் வாசலில் நிற்கிறேன்.

கடல் காற்று படட்டும் என்றார் டாக்டர். கோழிக்கோட்டில் எங்கள் பம்ப்பு விற்கும் ஏஜெண்டுக்குக் கடற்கரையை ஒட்டி ஒரு வீடு இருந்தது. அங்கே போனோம். இவர் கடலைப் பார்த்த முதல் பார்வையிலேயே, "இத்தன தண்ணி கெடந்து என்ன பிரயோசனம், ஒரு ஏக்கராப் பாய்ச்ச ஆவாது" என்று திட்டிவிட்டு முற்றத்தில் நடக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் காலையில் கரைவலை இழுத்தார்கள். நல்ல மீனையெல்லாம் கூடையில் அள்ளிக்கொண்டு, பொடிசுகளை ஈரமணலில் ஒதுக்கிப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு குட்டித் திருக்கை. தோசை அளவு இருக்கும், தவிட்டு நிறம், சாட்டை போல வால். செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு அலை வந்து நனைத்தது. உடனே உடம்பின் ஓரத்தைப் படபடவென்று அடித்து, மணலை அள்ளித் தன் மேலேயே போட்டுக்கொண்டு மறைந்துபோயிற்று. இரண்டு கண் மட்டும் வெளியே. இவர் குத்துக்காலிட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

வெயில் ஏறியது. "ஏனுங்க, போலாமுங்க" என்றேன்.

"சித்தெ பேசாம இரு அம்மணி. இவன் எப்படி மூச்சு உடறான்னு பாக்கறேன். வாய் அடியில இருக்குது. மண்ணுல படுத்துட்டு வாயால தண்ணி இழுத்தா மண்ணு போயி அடைச்சுக்கும். அதுக்குத்தான் கண்ணுக்குப் பின்னால ரண்டு வால்வு வெச்சிருக்கறான் பாரு. தெறக்குது, மூடுது. என்னமா வேலை செஞ்சிருக்கறான்!"

கடவுளைச் சொன்னாரா, மீனைச் சொன்னாரா தெரியவில்லை. வெயில் உச்சிக்கு வரும்வரை அவர் எழுந்திருக்கவே இல்லை. எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. "இத நம்ம ஊட்டுல வளத்தலாமுங்களா?" என்று நானே கேட்டேன். திருப்பதிக்குப் போய் மொட்டை போடச் சொல்லியிருந்தாலும் அன்றைக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். இது கடல் மீன் வளர்க்கச் சொல்கிறது, அவ்வளவுதானே.

ஊர் திரும்பியதும் முன் ஆசாரத்தில், அதுதான் வாசலை ஒட்டிய கூடத்தில், செங்கல் வைத்து சிமெண்டுத் தொட்டி கட்ட வைத்தார். ஒரு பக்கம் மட்டும் தடித்த கண்ணாடி. சிமெண்டின் காரம் போகத் தண்ணீர் நிரப்பி நிரப்பி இறக்கினார். மலபாருக்குப் பம்ப்செட் கொண்டு போகிற எங்கள் லாரி எப்போதும் தேங்காயோடு திரும்பும்; இப்போது கண்ணாடி ஆசிட் ஜாடிகளில் கடல் தண்ணீரோடும் சாக்கு சாக்காய்க் கடல் மணலோடும் திரும்பியது. "நாயக்கர் ஊட்டுல உப்புக் காய்ச்சறாங்களாட்டருக்குது" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

தொட்டி தயாரானதும் மீன் எடுக்க மறுபடியும் கோழிக்கோடு போனோம். வலைக்காரர்கள் ஒரு மரத்தொட்டியில் ஏழெட்டுக் குட்டிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். கண்ணபுரம் சந்தையில் காளை பிடிக்கிறவர் போலத்தான் இவர் பார்த்தார். ஒன்றைப் புரட்டி, "வயிறு செவந்திருக்குது, சீக்கு" என்று தள்ளினார். இன்னொன்றுக்கு முதுகு ஒடுங்கியிருக்கிறது, பட்டினி கிடந்தது என்றார். மூன்றாவதற்கு ஓரம் கிழிந்திருந்தது. பெரியது ஒன்றைக் காட்டினார்கள். என் தொட்டியில் அது திரும்பவே இடம் இருக்காது என்றார். கடைசியில் ஒரு உரித்த இறாலைத் தண்ணீரில் போட்டார். எல்லாவற்றிலும் சின்னது ஓடிவந்து அதன்மேல் கவிழ்ந்து மூடிக்கொண்டது. மெல்லுகிற சத்தம்கூடக் கேட்டது. "இவன்தான்" என்றார். வாலில் இருக்கிற விஷ முள்ளை இடுக்கியால் நறுக்கித் தந்தால்தான் ஆயிற்று என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். நறுக்கித்தான் கொடுத்தார்கள். வழியெல்லாம், வாளையாறு தாண்டி வீடு வருகிற வரைக்கும், லாரி டியூபில் அடைத்த காற்றை மெல்லிசு ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டே வந்தார். வீட்டுத் தொட்டிக்கும் அதே டியூப் காற்றுதான்.

அதற்குப் பிறகு என் வீட்டில் அதிசயம் நடந்தது. தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்தார். அது மணலுக்குள் படுத்திருந்தால் இவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அது எழுந்து கண்ணாடியில் ஏறி வெள்ளை வயிற்றைக் காட்டிச் சுற்றினால் இவர் கண்ணும் சுற்றும். தண்ணீர் வற்றினால் உப்பு வற்றாது என்று சிறுவாணித் தண்ணீரை அளந்து ஊற்றி, நாக்கில் வைத்து உப்புப் பார்ப்பார். என் சாம்பாருக்கு ஒருநாள் உப்புப் பார்த்ததில்லை அந்த மனிதர். நான் மார்க்கெட்டில் ஐஸில் வருகிற இறாலைப் பொறுக்கி வாங்கி வருவேன். மூங்கில் குச்சியில் குத்தி ஊட்டுவார். நரசிம்மலு வந்து பார்த்துவிட்டு என் காதோரம், "அண்ணி, பொழச்சோமுங்க" என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

வந்தது வினை. பல்லடத்திலிருந்து ஒரு விவசாயி பம்ப்பு விஷயமாக வந்தவர் தொட்டியைப் பார்த்துவிட்டு, "ஊரெல்லாம் உங்க பம்ப்பு தண்ணி எறைக்குது, உங்க மீனுக்கு மட்டும் டியூப்புக் காத்துங்களா?" என்று சிரித்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். அன்றைக்கே காகிதத்தில் கோடு போட ஆரம்பித்துவிட்டார். கைக்கு அடக்கமாக ஒரு குட்டிப் பம்ப்பு, டேபிள் ஃபேன் மோட்டாரில் ஓடுகிற மாதிரி. தண்ணீரை அடியிலிருந்து இழுத்து மேலேயிருந்து மழை போலக் கொட்டும்.

"இரும்புல வாத்தா உப்புத் தின்னுபோடும். உப்புத் தண்ணிக்குக் கன்மெட்டல்தான். கப்பல் பம்ப்பெல்லாம் அதுதான். ஆயுசுக்கும் ஒண்ணும் ஆவாது" என்றார். கன்மெட்டல் என்றால் செம்பில் வெள்ளீயம் கலந்தது, பொன் மாதிரி இருக்கும். இருக்கிறதிலேயே உசத்தி. பட்டறையில் வார்த்துக் கொண்டுவரச் சொல்லி, சாப்பாட்டு மேஜையிலேயே அரத்தால் ராவி, செப்புக் குழாய் பொருத்தி மாட்டினார். அந்த வாரமெல்லாம் அவர் வாசல் பக்கமே போகவில்லை. நான் பம்ப்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினேன். எவ்வளவு அழகாக ஓடியது தெரியுமா!

பம்ப்பு ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் திருக்கை மணலில் படுப்பதை விட்டுவிட்டது. கண்ணாடியில் ஏறும், விழும், ஏறும். இறாலைப் போட்டால் மேலே வந்து மூடும், திங்காமல் விலகிவிடும். ஓரமெல்லாம் வெயிலில் போட்ட அப்பளமாய் மேலே சுருண்டது. கண்ணுக்குப் பின்னால் அந்த வால்வு இரண்டும் அடித்த அடியைப் பார்க்க எனக்கே மூச்சு வாங்கியது. இவர் நாற்காலியை விட்டு எழுந்தார். தொட்டியைச் சுற்றி நடந்தார். அப்புறம் ஆசாரம் முழுக்க நடந்தார். அது உள்ளே சுற்ற, இவர் வெளியே சுற்ற, நான் சமையல்கட்டுக்கும் ஆசாரத்துக்கும் சுற்ற.

மீனைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆரோக்கியதாஸ் என்று காலேஜில் மிருக சாஸ்திரம் சொல்லிக்கொடுக்கிறவர் ஒருவர் பார்க்க வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர், கடற்கரை ஊர்க்காரர். என் வீட்டுக்காரர் அப்போது குளித்துக்கொண்டிருந்தார். வந்தவர் மீனைப் பார்த்தார், பம்ப்பைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, இந்தச் செம்புதான் இதுக்கு நஞ்சு. கப்பலுக்கு அடியில செம்புத் தகடு எதுக்கு அடிக்கிறாங்க? சிப்பி ஒட்டாம சாகட்டும்னுதான். கடல் தண்ணியில செம்பு கொஞ்சம் கொஞ்சமாக் கரையும். திருக்கை தாங்கவே தாங்காது. பம்பை நிப்பாட்டி, தண்ணியை மொத்தமா மாத்தணும்."

"அவருகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றேன்.

"அவர் கையால செஞ்ச பம்ப்பும்மா. அவர் உடம்புக்கும்..." என்று இழுத்துவிட்டு, அவர் குளித்து வருவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஊருக்கே தெரியும் என்றேனே.

நான் என்ன செய்வேன்? உங்கள் பம்ப்புதான் கொல்கிறது என்று சொன்னால் அந்த நெஞ்சு என்ன ஆகும்? சொல்லாவிட்டால் மீன் சாகும். மீன் செத்தால் மறுநாள் காலையில் இவர் பட்டறையில் நிற்பார். இரண்டு பக்கமும் இடி. கடைசியில் ஒரு பொய்யைக் கண்டுபிடித்தேன். "இந்தப் பம்ப்புச் சத்தத்துல எனக்குத் தூக்கமே இல்லீங்க. நிறுத்திருங்க, டியூப்பே போதும்" என்றேன்.

"சத்தமா? என்ற கையால செஞ்ச பம்ப்பா?" சுருக்கென்று தைத்துவிட்டது அவருக்கு. நிறுத்தவா செய்தார்? மொத்தத்தையும் பிரித்து, தண்டு ஆடாமல் பிடிக்க இன்னும் இரண்டு கன்மெட்டல் புஷ் வார்த்து வாங்கி உள்ளே போட்டு, சத்தமே இல்லாமல் ஓட வைத்தார். "இப்பக் கேளு" என்றார். நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. என் சாமர்த்தியத்தால் அந்த ஜீவனுக்கு இன்னும் கொஞ்சம் விஷம் கூடியதுதான் மிச்சம்.

அடுத்த வாரம் அது கண்ணாடி ஓரத்தில் ஒரு மூலையில் கிடந்தது. அசைவு அந்த வால்வுகளில் மட்டும்தான். இவர் நின்று பார்த்தார். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"காத்துப் பத்தல. பெரிய பம்ப்பா வாக்கணும். இந்தப் பசங்க ஊத்துனா வார்ப்புல ஊசிக்குழி உளுந்துபோகும், நானே நின்னு ஊத்தணும். வேலா, காரை எடு!"

வாசலை மறித்து நின்றேன். "போகாதீங்க."

"அக்கட்டாலே தள்ளு."

"பம்ப்புதாங்க அதக் கொல்லுது!"

கத்தியே விட்டேன். வேலன் கார்க் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான். நான் மூச்சு விடாமல் செம்பு, கப்பல், சிப்பி எல்லாவற்றையும் கொட்டினேன். கொட்டிக்கொண்டே அவர் நெஞ்சைத்தான் பார்த்தேன், கை அங்கே போகிறதா என்று. போகவில்லை. நேராகத் தொட்டிக்குப் போய் சுவிட்சை அணைத்தார். பம்ப்பைத் தண்ணீரிலிருந்து உருவித் தரையில் வைத்தார். லாரி டியூபை மாட்டி விட்டார். எல்லாம் நிதானமாக.

"ஆரு சொன்னது?"

"ஆரோக்கியதாஸ் வாத்தியாருங்க. போன வாரமே."

"போன வாரம் தெரியும். நான் புஷ் போட்டப்பவும் தெரியும்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்க நெஞ்சு தாங்காதுன்னுதாங்க."

"வாயுக்கும் இதுக்கும் என்ன அம்மணி?"

நான் தரையில் கிடந்த பம்ப்பைப் பார்த்தேன். முப்பது வருஷம் இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே உள்ளே என்ன பழுது என்று சொன்னவர். என் மௌனத்தைக் கேட்கவா தெரியாது?

"ரங்கம். வேற என்ன எங்கிட்டச் சொல்லாம வெச்சிருக்கற?"

சொன்னேன். டாக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். நரசிம்மலுவைத் திட்டினேன், டாக்டரைத் திட்டினேன், பூண்டுப் பால் கொண்டு வந்தவர்களையெல்லாம் திட்டினேன். பாழாய்ப்போன இந்தப் பொய்யைச் சுமந்து சுமந்து எனக்குத்தான் நெஞ்சு அடைக்கிறது என்று அழுதேன். அதற்கு அவர் சிரித்தாரே பார்க்கலாம்!

"அட, பைத்தியக்கார மனுசங்களா. இத அன்னைக்கே சொல்லியிருந்தா நானே ஊட்டுல கெடந்திருப்பேனே. வாயுக்குப் போயி எவனாச்சும் ஒரு வருசம் ஊட்டுல உக்காருவானா?"

சட்டையைக் கழற்றினார். சாகிற மீனைப் பார்த்தார். மறுபடியும் சட்டையில் கை வைத்தார். "கடல் தண்ணி ஒடனே வேணும். லாரி அடுத்த வாரந்தான். காரை எடுத்துட்டு நான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். சட்டையை ஆணியில் மாட்டினார். "நீ போயிட்டு வா. நான் போனா நீ இங்க கெடந்து துடிப்ப."

நான் போனேன். பிறந்ததிலிருந்து தனியாகப் பொள்ளாச்சி தாண்டாதவள், வேலனோடு கோழிக்கோடு போனேன். கார் முழுக்கக் காலி ஜாடிகள், வளைவுக்கு வளைவு ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன. பாலக்காட்டுக் காற்றில் வண்டி ஆடியது. மீனைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. பயமே கொன்றுபோடும் என்று டாக்டர் சொன்னாரே, இப்போது அவருக்குப் பயம் வந்திருக்குமா? என் எதிரில் சிரித்துவிட்டு, நான் போனதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாரா? இல்லை, எல்லாம் தெரிந்துபோயிற்று, இனி என்ன என்று பட்டறைக்குக் கிளம்பிவிட்டாரா? ராத்திரி ஏஜெண்டு வீட்டில் தங்கினோம். விடியற்காலையில் வலைக்காரர்கள் தோணியில் போய் நல்ல தண்ணீராக மொண்டு வந்து நிரப்பிக் கொடுத்தார்கள். "வெசையா ஓட்டு, வெசையா ஓட்டு" என்று வேலனைப் படுத்தி எடுத்துவிட்டேன். "ஜாடி ஒடைஞ்சுருமுங்கம்மா" என்று அவன் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை.

மத்தியானம் எங்கள் தெரு திரும்பியபோது கேட்டருகே ஆள் நிற்பது தெரிந்தது. அவர்தான். பக்கத்தில் நரசிம்மலு. கார் நிற்பதற்குள் இவர் ஜன்னலண்டை வந்துவிட்டார்.

"ரங்கம், மீனு செத்துப்போச்சு. நேத்து நீ போன கொஞ்ச நேரத்துலயே. எனக்கு ஒண்ணும் ஆவல, நல்லாத்தான் இருக்கறேன். நேத்துச் சாயங்காலம் கொஞ்சம் நெஞ்சு வலிச்சுது, டாக்டரு வந்து ஊசி போட்டாரு, இப்ப இல்ல. இவன் என்ன சொல்றான் தெரியுமா? அண்ணி பிரயாணத்துல களைச்சு வருவாங்க, சாப்பிட்டப்பறம் மெதுவாச் சொல்லிக்கலாமாமா. போடா அக்கட்டாலேன்னு சொல்லிப்போட்டேன்."

நரசிம்மலு தலையைக் குனிந்துகொண்டார். ஜாடிகளுக்கு நடுவில் உட்கார்ந்தபடியே, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதேன். இத்தனை மாதமும் அவர் கேட்காமல் அழுதே பழகியிருந்தேன். அவர் எதிரில், அவருக்காக, சத்தமாக அழ அன்றைக்குத்தான் முடிந்தது. அப்படி ஒரு சுகம் அது.

"ஒரு மீனுக்குப் போயி இப்படி அழுவறீங்களேங்கம்மா" என்றான் வேலன்.

"மீனுக்கு இல்லடா, எனக்கு அழுவறா" என்றார் அவர். "பேசாம அந்த ஜாடிய எறக்கு."